பாட்டுக் கார்டு

அந்தப் பெட்டி மேல கால வைக்காதிய தங்கச்சி. கோவிச்சுக்கிடாதிய, நெரிசல்னு எனக்கும் தெரியுது. மேல தூக்கி வைங்கன்னு கண்டக்டர் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். மேல வச்சா எவனாவது வந்து ஒரு கருவாட்டு மூட்டைய அது தலையில ஏத்திருவான். உள்ள இருக்கது அம்புட்டும் காகிதம். பத்திரம் கித்திரம் எதுவும் இல்ல. காதலர் தினத்துக்கு அனுப்புவானுவல்லா, வேலன்டைன் கார்டு, அது.

சிரிக்கிய. சிரிங்க. எழுபது வயசுப் பொம்பள, நரைச்ச கொண்ட, கழுத்துல சிலுவ, கால்மாட்டுல ஒரு பெட்டி நெறைய காதல் கார்டுன்னா எனக்கே சிரிப்பு வரும். இதுல ஒண்ணு கூட எனக்கு வந்தது இல்ல, அதையும் இப்பமே சொல்லிருதேன். எல்லாம் நான் புடிச்சது. அதுல உள்ளதுலயே நல்ல ஒண்ண இன்னைக்குப் பறிகுடுத்துட்டு வாரேன். பட்டப்பகல்ல, கோவில்பட்டியில வச்சு, காப்பி குடுத்து உக்காத்தி வச்சு வாங்கிட்டா ஒருத்தி. அந்த எரிச்சல்லதான் உங்க கால்ட்ட சண்டைக்கு வந்துட்டேன்.

பாளையங்கோட்டையில ஒரு பொம்பளப்பிள்ளைக காலேஜ். பேரு எதுக்கு, விடுங்க. அங்க ஹாஸ்டல் வார்டனா இருந்தேன். என் பேரு ஞானப்பூ. பிள்ளைக வச்ச பேரு கத்திரி. தபால் வந்தா உறைய வெட்டிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன், அதுக்காக அந்தப் பேரு. முதுகுக்குப் பின்னால சொல்லுவாளுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. எனக்கு அந்தப் பேரு ஒண்ணும் வருத்தமில்ல, கோழி, குரங்குன்னு வைக்காம வச்சாளுவளேன்னு இருந்தேன்.

பிப்ரவரி பொறந்துட்டாப் போதும், தபால்காரர் சைக்கிள் ரெண்டு பக்கமும் பை கட்டி வருவாரு. கார்டா வந்து குவியும். அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க அனுப்பினா குடுக்கலாம், மத்தது கூடாது. இதுதான் சட்டம். இந்தப் பயலுவ அதையும் மோப்பம் புடிச்சுட்டானுவ. கார்டு பூரா முத்தமா இருக்கும், கீழ கையெழுத்து ‘அன்பு அண்ணன்’. நான் குடுத்துருவேன். சட்டம்னா சட்டம். ஒரு பிள்ளைக்கு அஞ்சு அண்ணன் இருந்தானுவ, அஞ்சு பேருக்கும் வேற வேற இனிஷியல். அவ அம்மாவ நெனச்சுத்தான் எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

மத்ததெல்லாம் எங்கிட்டயே இருந்துரும். கார்டு வந்த விசயத்தையே அந்தப் பிள்ளைட்ட மூச்சு விட மாட்டேன். மத்த வார்டன்மாரு கூப்பிட்டு வச்சு எவன்ட்டி அனுப்புனதுன்னு மெரட்டுவாவ. அது தப்பு. எவனோ ஒருத்தன் அனுப்பியிருக்கான்னு தெரிஞ்சாலே அவளுக்குப் படிப்பு ஓடாது. தெரியவே தெரியாட்டி ஒரு தொந்தரவும் இல்ல. என் ஹாஸ்டல்ல ஒரு பிள்ள பெயிலானது கிடையாது. அதுக்கு யாரு காரணம்னு எவளாவது நெனச்சுப் பாத்திருப்பாளா?

கிழிச்சு எறிஞ்சிருக்கலாமேன்னு நெனக்கிய. ஆதாரம் வேணும்லா. நாளைக்கு ஒரு தகப்பன் வந்து எம்பிள்ளைக்கு எவன் கார்டு போட்டான்னு கேட்டா எதக் காட்டுவேன்? ஒரு தகப்பனும் வரலைங்கது வேற விசயம். ரிட்டயர் ஆகும்போது பிரின்சிபாலம்மா, ‘அந்தக் குப்பையெல்லாம் எரிச்சுருங்க ஞானப்பூ’ன்னாவ. சரின்னு தோட்டத்துல பெரிசா ஒரு தீ போட்டேன். எரிஞ்சது பழைய மெனு அட்டையும் காலண்டரும். கார்டு பூரா என் சேலைப் பெட்டிக்குள்ள வந்துட்டு, சேலையத்தான் கட்டைப் பையில தூக்கிட்டு வந்தேன்.

நான் சும்மா குமிச்சு வச்சிருக்கல, கேட்டுக்கோங்க. ஸ்டுடியோவுல போயி கல்யாண ஆல்பம் வாங்கி, கண்ணாடித் தாள் போட்ட ஆல்பம், அதுல ஒவ்வொண்ணா செருகி வச்சிருக்கேன். ‘யாருக்குக் கல்யாணம் மேடம்?’னு ஸ்டுடியோக்காரன் கேட்டான். ‘நடக்காத கல்யாணம்தான் தம்பி, ஆனா நெறைய இருக்கு, பெரிய சைஸா குடு’ன்னேன். அந்துருண்டை போட்டு வச்சிருக்கேன். வருசத்துக்கு ஒருக்க பிப்ரவரி பதினாலுல மொட்டமாடியில பாயி விரிச்சு, வடகம் காயப்போடுத மாதிரி பரத்தி வெயில் காட்டிருவேன். அந்தத் தேதியா பாத்து எதுக்குன்னு என் தம்பி பொண்டாட்டி கேப்பா. அன்னைக்குத்தான் வெயில் நல்லா அடிக்கும்.

எல்லா ரகமும் உண்டு. ஒரு பய ரெத்தத்துல எழுதுனேன்னு எழுதியிருக்கான். மோந்து பாத்தேன், காலுக்குப் பூசுத நலுங்குச் சாயம். இன்னொருத்தன் ஒரே கார்ட, ஒரே கவிதைய, ஒரே ஹாஸ்டல்ல மூணு பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கான். பேர மட்டும் மாத்திட்டான். மூணுல ஒருத்தி பேரு கவிதைக்குள்ள அடங்கல, அவளுக்கு மட்டும் ஒரு வரிய வெட்டிட்டான் படுபாவி. ‘நீ இல்லையேல் நான் இல்லை’ன்னு எழுதுன ஒருத்தன போன வருசம் ஒரு கல்யாண வீட்டுல பந்தியில பாத்தேன். பேர வச்சுக் கண்டுபிடிச்சேன். அவ இல்லாமலே நல்லா இருக்கான், ரெண்டாந் தடவ பாயசம் வாங்குனான். எனக்கு அவன் எழுதுனது மனப்பாடமாத் தெரியும், எழுதுன அவனுக்கு நெனப்பிருக்குமான்னு தெரியல.

இருக்கட்டும். என் விசயத்துக்கு வாரேன்.

இத்தனைலயும் ராணி ஒண்ணு இருந்துச்சு. சார்ஜாவுல இருந்து வந்தது. செவப்பு சாட்டின் துணியில பெரிய இதயம், பஞ்சு வச்சுத் தச்சது, அதுல ஒரு அம்பு. தொறந்தா பாட்டு பாடும். டிங் டிங்னு ஒரு வெள்ளக்காரன் மெட்டு. உள்ள தமிழ்ல, நண்டு ஊர்ந்த மாதிரி எழுத்து: ‘என் செல்லக்குட்டிக்கு ஆயிரம் முத்தம்’. கையெழுத்து இல்ல, பேரு இல்ல. வந்தது சண்முகக்கனின்னு ஒரு பிள்ளைக்கு. ரெண்டாவது வருசம் படிச்சா, கோவில்பட்டிக்காரி. ரிஜிஸ்டர்ல அவ அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலைன்னு இருந்துச்சு. அப்பன் கோவில்பட்டியில தீக்குச்சி அடுக்கிட்டு இருக்கான், மகளுக்கு சார்ஜாவுல இருந்து முத்தம் வருதுன்னா நீங்க என்ன நெனப்பிய? நானும் அதத்தான் நெனச்சேன். எடுத்து வச்சுட்டேன்.

அந்தப் பிள்ளைய சேத்துவிட்ட பெறவு அவ அப்பா வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போயிட்டாராம். எங்கிட்ட யாரு சொன்னா? போன வாரம்தான் சொன்னா, அந்தச் சண்முகக்கனி. பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குரூப்புல எவளோ என் நம்பர குடுத்திருக்கா. போன எடுத்தா, ‘மேடம், சார்ஜாவுல இருந்து எனக்கு ஒரு பாட்டுக் கார்டு வந்துச்சா?’ன்னு கேக்கா. வணக்கம்கூட இல்ல. ‘எதுக்குட்டி கேக்க?’ன்னேன்.

‘எங்கப்பா அனுப்புனது மேடம்’னா. கடைக்குப் போயிருக்காரு, பாட்டு பாடுத கார்டு, செவப்பா அழகா இருந்திருக்கு, எம்மகளுக்குன்னு வாங்கிட்டாரு. இங்கிலீசும் தெரியாது, அது என்ன நாளுன்னும் தெரியாது. அப்பான்னு ஒரு வார்த்த எழுதக்கூடாதா? சார்ஜாவுல இருந்து வேற யாரு எம்மகளுக்கு அனுப்பப் போறான்னு நெனச்சிருக்காரு மனுசன். கெடச்சுதான்னு மகள்ட்ட கேக்கவும் இல்ல. அவளாச் சொல்லட்டும்னு இருந்திருக்காரு. இவ, அம்மைக்கு மட்டும் காயிதம் போடுதாரு, நம்ம நெனப்பே இல்லன்னு மூஞ்சியத் தூக்கிட்டா. ஊருக்கு வந்தப்பவும் சரியாப் பேசலையாம். அப்படியே பழகிட்டாம் ரெண்டு பேருக்கும்.

‘இப்ப அப்பாவுக்கு நெனவு தப்பிப் போவுது மேடம். தெனமும் காலையில எந்திரிச்சு, பாட்டுக் கார்டு அனுப்புனேனே, ஒரு வார்த்த சொல்லலையேட்டின்னு கேக்காரு. எனக்கு எப்படிப் பதில் சொல்லதுன்னு தெரியல’ன்னு அழுதா.

எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு. அதுக்காக கார்டத் தூக்கிக் குடுத்துர முடியுமா? நல்ல புத்தியாச் சொன்னேன்: ‘கலர் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புதேன்.’ ‘ஜெராக்ஸ் பாடுமா மேடம்?’னு கேட்டா. வாய் அன்னைக்கும் அப்படித்தான்.

அவ ஒண்ண யோசிக்கல பாருங்க. அன்னைக்கே அந்தக் கார்ட அவகிட்ட குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? நாலு நாள் பாட்டுக் கேட்டிருப்பா, செல்லு தீந்திருக்கும், லீவுக்குப் போகும்போது கட்டிலுக்கு அடியில போட்டுட்டுப் போயிருப்பா. எத்தன பிள்ளைக சாமானத்த நான் அள்ளிக் கொட்டியிருக்கேன். இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல அது பாடுதுன்னா சும்மாவா? முருகன்குறிச்சியில ஒரு வாட்ச் கடைக்காரர்ட்ட கொண்டுபோயி, தீரத் தீர பொத்தான் செல்லு மாத்தியிருக்கேன். சாட்டின்ல ஒரு பொட்டுக் கற கிடையாது. அத வளத்தது நான்.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். நான் கார்டோட வருவேன், அப்பாட்ட காட்டுவேன், பத்து நிமிசம், திருப்பி எடுத்துட்டு வந்துருவேன். அவளும் சரின்னா. இந்தப் பெட்டிய எதுக்கு முழுசாத் தூக்கிட்டுப் போனேன்னு கேப்பிய. வீட்டுல வச்சுட்டுப் போனா என் தம்பி பொண்டாட்டி பழைய பேப்பர்காரனக் கூப்பிட்டுருவா. காத்துக்கிட்டு இருக்கா அவ.

போனேன். தெருவுக்குள்ள சின்ன வீடு. கட்டில்ல அந்த மனுசன் கெடக்காரு, பேரு சீனிப்பாண்டி. எலும்பும் தோலுமா, ஆனா சட்டைய மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தாரு. சண்முகக்கனி காப்பி குடுத்தா, கடலமிட்டாய் வச்சா. நான் கார்ட எடுத்து அவகிட்ட நீட்டுனேன். மெல்லப் பாரு, ஓரம் மடங்கிரும்னேன். அவ அப்பா கையில வச்சுத் தொறந்து காமிச்சா. டிங் டிங்னு பாட ஆரம்பிச்சுட்டு.

மனுசன் அந்த இதயத்தப் பாக்காரு. அம்பப் பாக்காரு. மகளப் பாக்காரு. மொகம் அப்படியே கறுத்துட்டு.

‘எந்தப் பயட்டி உனக்கு இத அனுப்புனது?’ன்னாரு.

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல தங்கச்சி. உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளிர்ச்சி. அனுப்புன அப்பனுக்கே பாத்ததும் சந்தேகம் வருதுன்னா, எனக்கு வந்தது தப்பா? சொல்லுங்க. ஊரக் கூட்டிக் காட்டணும் போல இருந்துச்சு.

அவ, ‘அப்பா, நீங்க அனுப்புனதுப்பா’ங்கா. ‘நானா? நான் எதுக்குட்டி உனக்கு இந்தக் கண்றாவிய அனுப்பப் போறேன்? படிக்க அனுப்புனா இதுதான் பண்ணுதியா? வார்டனம்மாட்ட சொல்லி இன்னைக்கே உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருதேன்’னு எந்திரிக்கப் பாக்காரு. கார்டத் தூக்கி எறிஞ்சுட்டாரு. போயி வாசப்படியில விழுந்துச்சு. அங்கன கெடந்தும் பாடுது. நான் ஓடிப்போயி எடுத்துத் தொடச்சேன்.

தொடச்சுட்டுத் திரும்பிப் பாக்கேன், அவரு சத்தத்த விட்டுட்டு, சின்னக் குரல்ல சொல்லுதாரு: ‘நான் ஒரு பாட்டுக் கார்டு அனுப்புனேன். நல்ல கார்டு. அது எங்க போச்சோ. இவ ஒரு வார்த்த சொல்லல.’ சண்முகக்கனி செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டா. சத்தமே இல்ல, முதுகு மட்டும் குலுங்குது. என்னால அதப் பாக்க முடியல. என்னமோ தெரியல, கட்டில்ல போயி அவரு பக்கத்துல உக்காந்துட்டேன்.

‘சார், நான்தான் வார்டன்’னேன்.

பட்டன் சரியா இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டு, கையெடுத்துக் கும்புட்டாரு.

‘நீங்க அனுப்புன பாட்டுக் கார்டு வந்துச்சு சார். இதுதான் அது. நாந்தான் உறையப் பிரிச்சேன். நானே உங்க மகள்ட்ட குடுத்தேன்.’ சர்வீசுல நான் ஒரு பொய் சொன்னது கெடையாது. இன்னைக்கு வாயத் தொறந்தேன், தண்ணி மாதிரி வருது. ‘அன்னைக்கு அவளுக்குக் கால் தரையில நிக்கல சார். சாப்பிட வரல. ராத்திரி விளக்க அணச்ச பெறவு, தலையோட போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, உள்ள வச்சு, தொறக்கதும் மூடுததுமா கெடந்தா. சத்தம் வெளிய வந்துரக்கூடாதுன்னு தலகாணிய வச்சு அமுக்கிக்கிட்டா. அந்த முத்தம்னு எழுதியிருந்தியள்லா, அந்த எழுத்தத் தடவித் தடவிப் பாப்பா. செல்லு தீந்துபோன அன்னைக்கு உக்காந்து அழுதுட்டா சார். மறுநாளே போயி மாத்திட்டு வந்தா. யாரும் தொட்டா அவளுக்குப் புடிக்காது. தனக்குன்னு ஒருத்தர் அனுப்புனா எப்படி இருக்கும், அப்படி வச்சிருந்தா.’

அவரு வாய் லேசாத் தொறந்துக்கிட்டு. கொழந்த கத கேக்குத மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தாரு.

‘எங்கிட்டச் சொல்லலையே?’ன்னாரு.

‘வெக்கம் சார்.’

‘சத்தம் போட்டாள்னு அடிச்சியளா?’

‘இல்ல சார். அடிக்கல.’

சிரிச்சாரு. பல்லு ரெண்டு மூணுதான் இருக்கு. கைய நீட்டுனாரு, நான் கார்டக் குடுத்தேன். தொறந்தாரு, பாடுச்சு, மூடுனாரு. ‘நல்ல கடை அது’ன்னாரு. பெறகு நெஞ்சுல வச்சுக்கிட்டுத் தூங்கிட்டாரு. சண்முகக்கனி வந்து அவரு காலப் புடிச்சுக்கிட்டு கட்டில் ஓரத்துல உக்காந்தா.

பத்து நிமிசம்னுதான பேச்சு. நான் காத்திருந்தேன். ரெண்டாவது காப்பியும் வந்துட்டு. நைசா உருவிப் பாத்தேன். கெழவனுக்கு உடும்புப்பிடி. இன்னொருக்க இழுத்தா சாட்டின் கிழிஞ்சுரும். அவ என்னயவே பாத்துக்கிட்டு இருக்கா. நான் ஓரத்த நிமித்துத மாதிரி ஒரு தடவ தடவிட்டுக் கைய எடுத்துட்டேன். நான் என்ன செய்ய? நோயாளிட்ட போயி மல்லுக்கு நிக்க முடியுமா? எனக்கு அத விட மனசே இல்ல தங்கச்சி. இப்பவும் இல்ல. ஆல்பத்துல அந்த எடம் காலியா இருக்கு, வீட்டுக்குப் போயி அதப் பாக்கணுமேன்னு இருக்கு.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவதான் பெட்டியத் தூக்கிட்டு வந்தா. திட்டப் போறான்னு நெனச்சேன், திட்டல. நன்றின்னு சொல்லிருவாளோன்னு பயந்துக்கிட்டே வந்தேன், அதையும் சொல்லல. திருநெல்வேலி வண்டி உள்ள நுழையுது. பெட்டிய எங்கிட்ட குடுக்கும்போது அவ கைய எடுக்காம அப்படியே புடிச்சுக்கிட்டு, என் மொகத்த நேராப் பாத்துக் கேட்டா:

‘மேடம், போர்வைக்குள்ள வச்சு அந்தப் பாட்டக் கேட்ட பிள்ள யாரு?’

கேள்வியப் பாத்தியளா. யாரப் பாத்து என்ன கேக்கதுன்னு ஒரு வெவஸ்த வேண்டாம்? எனக்கு மூஞ்சியெல்லாம் சூடாயிட்டு. ‘துப்பட்டாவ ஒழுங்காப் போடு மொதல்ல’ன்னு அதட்டிட்டு, வெடுக்குன்னு பெட்டிய இழுத்துக்கிட்டு ஏறிட்டேன்.

இங்க வந்து உக்காந்த பெறவுதான் உறைக்குது. அவ கட்டியிருந்தது சேல.